நடைபாதையில் ஒரு சதுரங்கப் பலகை

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் கரியாஹாட் என்ற இடம் இருக்கிறது. பெரிய கடைத்தெரு. புடவைக் கடை, பாத்திரக் கடை, வளையல் கடை என்று நடைபாதை முழுவதும் கடைகள். எப்போதும் கூட்டம். சாலையின் நடுவே ஒரு மேம்பாலம் போகிறது. பாலத்தின் மேலே வண்டிகள் ஓடுகின்றன. பாலத்தின் இரண்டு பக்கமும் பேருந்துகள் ஓடுகின்றன.

பாலத்தின் அடியில் என்ன நடக்கிறது? சதுரங்கம் நடக்கிறது.

மாலை வந்ததும் ஆட்கள் சேர்கிறார்கள். பலகையை எடுத்து வைக்கிறார்கள். காய்களை அடுக்குகிறார்கள். ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒரு பக்கம் 16 காய்கள். மறு பக்கம் 16 காய்கள். நடுவில் 64 கட்டங்கள். பேருந்தின் ஒலி காதைப் பிளக்கிறது. ஆடுகிறவருக்கு அது கேட்பதே இல்லை. அவர் கண் குதிரையின் மேல் இருக்கிறது.

ஆடுகிறவர் இருவர்தான். சுற்றி நிற்பவர் பத்துப் பேர். "யானையை நகர்த்து", "ராணியைப் பார்த்துக்கொள்" என்று அவர்களின் வாய் சும்மா இருக்காது. இந்த வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இந்த ஆட்டத்துக்கு மைதானம் வேண்டாம். நுழைவுச் சீட்டு வேண்டாம். ஒரு பலகையும் இரண்டு பேரும் இருந்தால் போதும். ஓய்வு பெற்ற அதிகாரியும் கடைப் பையனும் எதிரெதிரே உட்காரலாம். பையன் ஜெயித்தால் அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த ஆட்டம் ஆடத்தான் முடியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இத்தகைய இடங்களில் பலகையைச் சுற்றி ஆண்களே அதிகம். பொது இடம் என்று பெயர். ஆனால் ஒரு பெண் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து ஆட முடிகிறதா? இதைப் படிக்கும் பெண்களே சொல்லுங்கள்.

தேநீர்க் கடையில் ஒரு பள்ளிக்கூடம்

கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்ற கிராமம் இருக்கிறது. காட்டை ஒட்டிய ஊர். 1960களிலும் 70களிலும் அந்த ஊருக்கு நல்ல பெயர் இல்லை. கள்ளச் சாராயம் காய்ச்சினார்கள். சூதாடினார்கள். குடும்பங்கள் சீரழிந்தன.

அந்த ஊரில் உண்ணிகிருஷ்ணன் என்பவர் இருந்தார். அவர் இளவயதில் சதுரங்கம் கற்றுக்கொண்டவர். அவர் ஊரில் ஒரு தேநீர்க் கடை வைத்தார். கடைக்கு வருபவர்களுக்குத் தேநீரும் கொடுத்தார், சதுரங்கமும் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒருவர் கற்றார். அவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். இப்படியே ஊர் முழுவதும் பரவியது. வீட்டுத் திண்ணையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பலகை வந்தது. சீட்டுக் கட்டு இருந்த கையில் சிப்பாய் வந்தது.

சதுரங்கம் மட்டும்தான் குடியை ஒழித்தது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊர் மக்கள் சாராயத்தை எதிர்த்துப் போராடவும் செய்தார்கள். ஆனால் மாலை நேரத்தில் ஓர் ஆண் எங்கே போவது, யாரோடு உட்காருவது என்ற கேள்விக்கு அந்தத் தேநீர்க் கடை ஒரு பதில் வைத்திருந்தது. குடிப்பவனைப் போகாதே என்று தடுப்பது சுலபம். வேறு எங்கே போவது என்று காட்டுவது கடினம்.

காவலர் கேட்கும் இரண்டு கேள்விகள்

பொது இடத்தில் உட்கார்ந்து ஆடுவது குற்றமா? ஒரு நகரத்தில் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடைபாதை ஓரம் இருவர் ஆடுகிறார்கள். சுற்றிலும் கூட்டம். ஒரு காவலர் வருகிறார்.

"என்ன பெரியவரே, இங்கே என்ன கூட்டம்?"

"சதுரங்கம் ஆடுறோம் சார்."

"பந்தயமா?"

"பந்தயம் எல்லாம் இல்லை சார். தோத்தவர் டீ வாங்கித் தரணும். அவ்வளவுதான்."

"சரி. வழியை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்தா ஜனங்க எப்படிப் போவாங்க?"

காவலர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். சட்டமும் இந்த இரண்டைத்தான் கேட்கிறது. பணம் வைத்து ஆடுகிறீர்களா? வழியை மறைக்கிறீர்களா?

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்தில் 1867ஆம் ஆண்டு பொதுச் சூதாட்டச் சட்டம் வந்தது. தெருவில் பணம் வைத்துச் சூதாடினால் காவலர் பிடிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் கூடவே ஒரு விலக்கும் கொடுத்தது. திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு அது பொருந்தாது. பிறகு பல மாநிலங்கள் சொந்தமாகச் சூதாட்டச் சட்டம் செய்துகொண்டன.

திறமை ஆட்டம் என்றால் என்ன? பகடை உருட்டினால் என்ன எண் விழும் என்று யாருக்கும் தெரியாது. அது அதிர்ஷ்டம். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண் முன்னால் இருக்கின்றன. யோசித்து நகர்த்துபவர் ஜெயிக்கிறார். அது திறமை. 1996ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சென்னைக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கு அது. அந்தத் தீர்ப்பிலே சதுரங்கமும் பேசப்படுகிறது. சதுரங்கம் திறமையின் ஆட்டம் என்று நீதிமன்றம் கூறியது.

அப்படியானால் பணம் வைத்து ஆடலாமா? அவசரப்பட வேண்டாம். சட்டம் எல்லா மாநிலத்திலும் ஒன்றுபோல் இல்லை. தெலங்கானாவில் 2017ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே திறமை ஆட்டமானாலும் பணம் வைத்து ஆடக் கூடாது. சுற்றி நிற்பவர்கள் "இவர் ஜெயிப்பார், அவர் ஜெயிப்பார்" என்று பணம் கட்டினாலோ அது வேறு கதை. அவர்கள் ஒரு காயையும் நகர்த்தவில்லை. அவர்களிடம் என்ன திறமை இருக்கிறது? அதைச் சூது என்று பிடிக்க இடம் உண்டு. தேநீருக்காக எந்தக் காவலரும் வழக்கு எழுதப் போவதில்லை. பணம் புரண்டால் தகராறு வரும், காவலரும் வருவார்.

அடுத்தது வழி. பொது வழியை மறைப்பது குற்றம். இதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 285ஆவது பிரிவில் அபராதம் 5,000 ரூபாய் வரை போகலாம். கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் போகிறவர், தலையில் சுமை வைத்திருப்பவர் எல்லோருக்கும் நடைபாதை வேண்டும். அதனால்தான் பாலத்தின் அடி நல்ல இடம். யாருடைய வழியிலும் அது இல்லை.

அதே இடத்தில் ஒரு பாட்டு

இப்போது அதே இடத்தில் இன்னொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சதுரங்கப் பலகைக்குப் பத்தடி தள்ளி ஒரு கணவனும் மனைவியும் உட்காருகிறார்கள். அவர் ஆர்மோனியம் வாசிக்கிறார். அந்த அம்மா பாடுகிறார். நல்ல குரல். முன்னால் ஒரு துண்டு விரித்திருக்கிறது. போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். சிலர் காசு போடுகிறார்கள்.

வழியை அவர்கள் மறைக்கவில்லை. சூதாடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பாடினார்கள், கேட்டவர் விரும்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். ஆனால் இந்தியாவின் பல இடங்களில் சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு வேறு பெயர். பிச்சைக்காரர்.

இது எப்படி வந்தது? 1959ஆம் ஆண்டு பம்பாய் மாநிலத்தில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிறகு தில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. பிச்சை என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்குகிறது. பொது இடத்தில் தருமம் கேட்பதும் வாங்குவதும் பிச்சை. பாட்டுப் பாடி, நடனம் ஆடி, ஜோசியம் சொல்லி, வித்தை காட்டி வாங்கினாலும் அது பிச்சைதான். ஏதாவது ஒரு பொருளை விற்பதுபோல் நீட்டி வாங்கினாலும் பிச்சைதான்.

பாட்டும் நடனமும் வித்தையும் இந்தச் சட்டத்தில் எப்படி வருகின்றன என்று கவனியுங்கள். தொழிலாக வரவில்லை. கலையாக வரவில்லை. பிச்சை எடுக்கச் சொல்லும் ஒரு சாக்காக வருகின்றன. பாடுகிற அம்மாவுக்கு அது சாக்கு இல்லை. அது அவர் இளவயது முதல் கற்ற வேலை.

தண்டனையும் சிறியது அல்ல. காவலர் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். வாரண்டு என்றால் பிடிப்பதற்கு நீதிமன்றம் தரும் எழுத்து உத்தரவு. குற்றம் என்று முடிவானால் முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பிச்சைக்காரர் இல்லத்தில் அடைக்கலாம். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பத்தாண்டு வரை போகலாம். துண்டில் விழுந்த காசுக்குப் பத்தாண்டு.

அதே சட்டத்தில் ஒரு விலக்கும் உண்டு. அதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்று ஒரு காரியத்துக்காகப் பணம் திரட்டினால் அது பிச்சை ஆகாது. அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் ஒரு பெயர், இல்லாவிட்டால் இன்னொரு பெயர். தெருவில் பாடிப் பிழைப்பவருக்கு அந்தச் சீட்டைப் பற்றி யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தாலும் அவர் அதைப் படித்திருப்பாரா?

பொம்மலாட்டக்காரர்களின் குடியிருப்பு

தில்லியின் மேற்குப் பகுதியில் ஷாதிப்பூர் என்ற இடம் இருக்கிறது. அங்கே 1970களில் ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள் குடிசை போட்டார்கள். ஹிந்தியில் கட்புத்லி என்றால் பொம்மலாட்டப் பொம்மை. அதனால் அந்தக் குடியிருப்புக்குக் கட்புத்லி காலனி என்று பெயர். பிறகு வித்தைக்காரர்கள் வந்தார்கள். கழைக்கூத்தாடிகள் வந்தார்கள். மேளக்காரர்கள், பாடகர்கள் வந்தார்கள். சந்து சந்தாக வீடுகள். ஒரு வீட்டில் பொம்மைக்குக் கண் எழுதுவார்கள். அடுத்த வீட்டில் மேளத்துக்குத் தோல் இழுத்துக் கட்டுவார்கள்.

1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்திய விழா நடந்தது. இந்திய அரசு இந்தத் தெருக் கலைஞர்களையும் வாஷிங்டன் நகரத்துக்கு அழைத்துப் போனது. அங்கே கூட்டம் கூடி ரசித்தது. அவர்கள் தில்லி திரும்பினார்கள். அதே வித்தையைத் தில்லித் தெருவில் காட்டினால் 1959ஆம் ஆண்டின் சட்டம் காத்திருந்தது. வெளிநாட்டில் நாட்டின் பெருமை, உள்ளூரில் பிச்சை. இதைவிட வேடிக்கையான வித்தையை அந்தக் குடியிருப்பில் யாரும் காட்டியதில்லை.

அந்தக் கலைஞர்கள் 1980களிலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டு தங்கள் தொழிலுக்காகப் பேசி வந்தார்கள். ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. 2009ஆம் ஆண்டு தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு தனியார் கட்டட நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. குடிசைகளை எடுத்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டுவது என்று திட்டம். அடுக்குமாடியில் கழையை எங்கே நிறுத்துவது, பெரிய பொம்மையை எங்கே வைப்பது என்று கலைஞர்கள் கேட்டார்கள். பலர் தற்காலிகக் குடியிருப்புக்குப் போக மறுத்தார்கள். 2017 அக்டோபர் கடைசியில் இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன.

அடுத்த ஆண்டு சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. பிச்சைத் தடைச் சட்டத்தை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. 2018 ஆகஸ்ட் 8ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியில் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. உணவும் வேலையும் தங்குமிடமும் கிடைக்காதவர் கை நீட்டினால், அதற்கு அவரைத் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பிச்சை எடுக்கவைக்கும் கும்பலைத் தண்டிக்க அரசு தனிச் சட்டம் செய்யலாம் என்றும் சொன்னது.

2019 அக்டோபரில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்குள்ள பிச்சைத் தடைச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2021ஆம் ஆண்டு, தெருவிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்ற வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. வறுமையால்தான் மனிதர்கள் கை நீட்டுகிறார்கள் என்று சொல்லி, நீதிமன்றம் அப்படி உத்தரவிட மறுத்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. தில்லித் தீர்ப்பு தில்லிக்கு மட்டும். மற்ற மாநிலங்களில் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 1945ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

குரங்கு, கரடி, குழந்தை

எல்லாத் தடையும் அநியாயம் என்று சொல்ல முடியாது. முன்பு தெருவில் கரடியைக் கொண்டுவந்து ஆடவைப்பார்கள். கரடியின் மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். இழுத்தால் வலிக்கும், வலித்தால் ஆடும். இப்போது குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது. 1998ஆம் ஆண்டு வந்த இந்தத் தடையை 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சரி என்றது. பாம்பாட்டிகளின் தொழில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போனது. சட்டம் விலங்கைக் காத்தது நல்லது. ஆனால் அந்தத் தொழிலைத் தவிர வேறு தெரியாத குடும்பத்துக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கடைசியில்தான் நினைத்தார்கள்.

குழந்தைகள் விஷயமும் அப்படித்தான். கயிற்றின் மேல் ஏழு வயதுப் பெண் நடந்தால் காசு அதிகம் விழுகிறது. ஆனால் 6 வயது முதல் 14 வயது வரை குழந்தைக்குக் கட்டாயக் கல்வி உரிமை என்பது 2009ஆம் ஆண்டின் சட்டம். பள்ளி நேரத்தில் அந்தப் பெண் வகுப்பில் இருக்க வேண்டும்.

கடைக்குச் சீட்டு உண்டு, பாட்டுக்கு?

கரியாஹாட்டுக்குத் திரும்புவோம். 1996 நவம்பரில் ஓர் இரவு, அந்தக் கடைத்தெருவுக்கு மாநகராட்சி ஆட்களும் காவலர்களும் வந்தார்கள். நடைபாதைக் கடைகளை இடித்து அள்ளினார்கள். ஆபரேஷன் சன்ஷைன் என்று அதற்குப் பெயர். நகரின் பல இடங்களில் கடைகள் போயின. ஆனால் கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து போராடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருந்தது. தெருவில் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை, ஆனால் அதற்கு நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்று 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நெடுநாள் கழித்து 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் ஒரு குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இந்தச் சட்டம் பொருள் விற்பவரையும் சேவை செய்பவரையும் பற்றிப் பேசுகிறது. பாடுகிறவர், பொம்மலாட்டக்காரர், வித்தைக்காரர் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பூ விற்கும் அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைக்க வழி உண்டு. பூக்கடைக்குப் பக்கத்தில் பாடும் அம்மா தானும் சேவைதான் செய்கிறேன் என்று கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

சில நகரங்களில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. மும்பையில் 2012 முதல் ஓர் அமைப்பு ரயில்வேயிடமும் பூங்கா அதிகாரிகளிடமும் அனுமதி வாங்கி, ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் கலைஞர்களை வாசிக்கவைத்தது. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று முன்பே முடிவு செய்தார்கள். வேலைக்குப் போகும் கூட்டம் ஒரு நிமிடம் நின்று கேட்டது. யாரும் யாரையும் விரட்டவில்லை. வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. இடம், நேரம், அதை எழுதிய ஒரு தாள்.

ஒலிபெருக்கி மட்டும் தனி விஷயம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் மேளமும் அடிக்கக் கூடாது.

காவலர் பிடித்தால்

பிடித்தால் ஏன் பிடிக்கிறார் என்று கேட்கலாம். காரணத்தைச் சொல்வது அவர் கடமை. பிடித்த 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் கொண்டுபோக வேண்டும். பயண நேரம் இதில் சேராது. பெண்ணைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் காவல் அதிகாரி நீதிபதியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆர்மோனியத்தையோ மேளத்தையோ எடுத்துக்கொண்டால், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர், வருமானம் குறைந்தவர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தும் கேட்கலாம்.

பிடிபடும் வரை காத்திருக்காமல் முன்பே மனு கொடுப்பது நல்லது. ஒரு மாதிரி கீழே இருக்கிறது. புள்ளி வைத்த இடங்களில் உங்கள் ஊர், தெரு, பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
.................. மாநகராட்சி.

ஐயா,

.................. சாலை மேம்பாலத்தின் அடியில் காலி இடம் இருக்கிறது. இப்போது அங்கே குப்பை கொட்டுகிறார்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, நான்கு கல் மேசைகளும் இருக்கைகளும் அமைத்துத் தர வேண்டுகிறோம். மேசையின் மேல் சதுரங்கக் கட்டம் வரைந்து கொடுத்தால் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஆடுவோம். இரவில் பெண்களும் வர வசதியாக ஒரு விளக்கு வேண்டும்.

எங்கள் பகுதியில் பாடுகிறவர்களும் மேளம் வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு மாலை 5 மணி முதல் 8 மணி வரை அந்த இடத்தில் அவர்கள் பாடவும், கேட்பவர் விரும்பிக் கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளவும் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டுகிறோம். ஒலிபெருக்கி வைக்க மாட்டோம். வழியை மறைக்க மாட்டோம். பணம் வைத்து ஆட மாட்டோம்.

இப்படிக்கு,
..................
..................
நாள்:

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். கைநாட்டு வேண்டாம், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுங்கள். இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். "அப்புறம் வா" என்று சொன்னால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நெடுநாள் பதில் வராவிட்டால், அந்த மனு யார் மேசையில் இருக்கிறது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் அவர்கள் பதில் எழுத வேண்டும்.